புதுச்சேரியில் வீட்டுப் பவளத் தொட்டி: உயிரினத் தேர்வு

பவளத் தொட்டி என்பது கடல்நீரில் பவளங்களையும் அவற்றோடு வாழும் மீன்களையும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி. சுமார் 100 லிட்டருக்கு உட்பட்டவை சிறு தொட்டிகள். பவளம் ஓர் உயிரினம், அதிலும் பல வகைகளை இந்தியச் சட்டம் காக்கிறது. ஆகவே புதுச்சேரியில் இந்தத் தேர்வு அழகிலிருந்து அல்ல, சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பாறை கட்டும் கல் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், குழல் பவளம், தீப்பவளம், கடல்விசிறி ஆகியவையும் 2001-ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மீறினால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. வெளிநாட்டுக் கையேடுகள் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கும் யூஃபில்லியா வகைகள் இந்தக் கல் பவளங்களில் அடங்கும். அந்தப் பட்டியல்களை அப்படியே இங்கே பின்பற்றக் கூடாது.

புதுச்சேரிக் கரை மணற்கரை. தலைமைச் செயலகத்துக்கு எதிரே 2018-இல் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இறக்கிய எஃகுத் திட்டு, கடற்கரை மணலை மீட்க அமைத்த செயற்கைத் தடுப்பே தவிர பவளப்பாறை அல்ல. தமிழகத்தின் பவளப்பாறைகள் பாக் நீரிணைப் பகுதியிலும், இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியும் இருக்கின்றன. சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் அங்கே பவளம் வெட்டப்பட்டது. இரண்டு தீவுகள் நீரில் மூழ்கின. 2010, 2016 ஆண்டுகளின் கோடை வெப்பத்தில் எஞ்சிய பவளங்களும் வெளுத்தன. இவ்வளவு அடிபட்ட கடலிலிருந்து ஒரு துண்டைக்கூட வீட்டுத் தொட்டிக்காக எடுப்பது நியாயமில்லை.

சிறு தொட்டிக்கு எஞ்சுவது கல் எலும்புக்கூடு இல்லாத சில வகைகள். காளான் பவளம் எனப்படும் டிஸ்கோசோமா மங்கலான ஒளியிலும் மெதுவான நீரோட்டத்திலும் வாழும். புதியவர்களுக்கு இதுவே முதல் தேர்வு. தோல் பவளமான சார்கோஃபைட்டான் அவ்வப்போது சுருங்கி மெழுகுப்படலம் உதிர்க்கும், அதைச் சாவு என்று எண்ணி எடுத்துவிடக் கூடாது. அது நீரில் கலக்கும் வேதிப்பொருள் அண்டையிலுள்ள மற்ற பவளங்களை ஒடுக்கும் என்பதால் வடிகட்டியில் செயலூட்டப்பட்ட கரி தேவை. சோவாந்திட் வகைகள் வண்ணத்தில் சிறந்தவை. ஆனால் அவற்றின் உறவான பாலித்தோவா இனங்கள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. பார்த்துப் பிரிப்பது கடினம் என்பதால் எதைக் கையாண்டாலும் கையுறையும் கண்ணாடியும் அவசியம், அவை ஒட்டியிருக்கும் பாறையைக் கொதிக்க வைப்பது அறவே கூடாது. பச்சை நட்சத்திரப் பவளம் எளிதில் பரவினாலும், பல வகைப்பாடுகள் அதைக் கடல்விசிறிகளோடு சேர்ப்பதால் தவிர்ப்பதே நல்லது. எதுவானாலும் தொட்டியில் பெருக்கிய துண்டாக, ரசீதோடு வாங்க வேண்டும்.

இவ்வூரில் பெரும் சிக்கல் வெப்பம். பவளத்தின் திசுவில் குடியிருக்கும் நுண்பாசிதான் அதற்கு உணவில் பெரும்பகுதியைத் தருகிறது. நீர் வழக்கத்தைவிட ஓரிரு பாகை நீடித்துச் சூடேறினாலே பவளம் அந்தப் பாசியை வெளியேற்றி வெளுக்கிறது. தொட்டிக்கு 25 முதல் 27 பாகை செல்சியஸ் ஏற்றது. அக்னி நட்சத்திர நாட்களில் விசிறி மட்டும் போதாது. குளிரூட்டியும், மின்வெட்டுக்கு ஈடுகொடுக்கும் இன்வெர்ட்டரும் வேண்டும். விசிறிக்காற்று நீரை ஆவியாக்கி உப்பைக் கூட்டும் என்பதால் தினமும் நன்னீர் சேர்த்து ஒப்படர்த்தியை 1.025 அளவில் வைக்க வேண்டும். சிறு தொட்டியில் இந்த ஏற்ற இறக்கம் விரைவாக நேரும். இந்தச் செலவைத் தாங்க முடியாதவர்கள் பவளத்தை வாங்காமலிருப்பதே அந்த உயிருக்குச் செய்யும் நன்மை.

கடற்கரை நீரை மொண்டு வருவதும் உதவாது. அது கலங்கல் மிகுந்தது, வடகிழக்குப் பருவமழையில் உப்பும் குறையும். எதிர்ச்சவ்வூடுபரவல் நீரில் கடலுப்புக் கலவையைச் சேர்ப்பதே பாதுகாப்பு.

பவளமே இல்லாத கடல்நீர்த் தொட்டியும் நிறைவானதுதான். புதுச்சேரிக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தில் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கச் செய்திருக்கிறார்கள். பண்ணையில் பிறந்த அத்தகைய மீன்கள் ஒரு சோடியும், சுட்ட மண் பாறையும், கடற்பாசியும் 100 லிட்டர் தொட்டிக்குப் போதுமானவை.