இரு தூரிகைகளும் ஒரு மலரின் பெயரும்

பழைய தாவரவியல் நூல்களைப் புரட்டுவோர் படத்தின் அழகில் தோய்ந்து, அதன் கீழ் மூலையைக் காணாது கடந்துவிடுவது இயல்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையில் அச்சேறிய சில நூல்களில், அம்மூலையில் சிற்றெழுத்துகளில் இரு பெயர்கள் காணப்படும். ஒன்று ரங்கையா, மற்றொன்று கோவிந்து. தென்னாட்டுச் செடிகொடிகளை உலக அறிவியலுக்கு உருவம் காட்டித் தந்தவர்களுள் இவ்விருவருக்கும் தனியிடம் உண்டு.

மருந்து, சாயம், நார், மரம் எனப் பயன் தரும் தாவரங்கள் அனைத்தையும் அறிந்துகொள்ளக் கிழக்கிந்தியக் கம்பெனி விழைந்தது. ஆனால் உலர்த்திய செடி நிறம் இழக்கும், இதழ் சுருங்கும். ஆகவே மலர்ந்த நிலையிலேயே அதனை எழுதிவைக்க ஓவியர் தேவைப்பட்டனர். வில்லியம் ராக்ஸ்பரோ வரைவித்தவற்றுள் 300 படங்கள், சோழமண்டலக் கரையின் தாவரங்கள் பற்றிய நூலாக 1795 முதல் 1819 வரை மூன்று தொகுதிகளில் இலண்டனில் வெளிவந்தன. நூலாசிரியரின் பெயர் நிலைத்தது. வரைந்த இந்தியக் கலைஞரின் பெயரோ மறைந்தது. அக்காலத்துப் பொதுவழக்கும் அதுவே.

இவ்வழக்கினின்று விலகியவர் ராபர்ட் வைட். ஸ்காட்லாந்தில் 1796இல் பிறந்த இவர், கம்பெனியின் மருத்துவராக 1819இல் சென்னை மாகாணத்திற்கு வந்தார். 1826ஆம் ஆண்டையொட்டி ரங்கையாவைத் தம் ஓவியராக அமர்த்திக்கொண்டார். நாகப்பட்டினத்தில் வைட் பணியாற்றிய காலத்தில் ரங்கையா தீட்டிய படங்கள், கிளாஸ்கோவிலிருந்த பேராசிரியர் ஹூக்கருக்கு அனுப்பப்பட்டு அச்சேறின. 1845 வாக்கில் அப்பணி கோவிந்துவின் கைக்கு மாறியது.

இவ்வோவியர் ஏற்ற பணி எளிதன்று. ஓவிய மரபில் மலர் என்பது அணி. பார்ப்பவர் கண்ணுக்கு விருந்து. தாவரவியலிலோ அது சான்று. எத்தனை மகரந்தத் தாள்கள், சூலகத்தில் எத்தனை அறைகள், இலை நரம்பு எவ்வாறு பிரிகிறது என்பனவெல்லாம் பிழையின்றி அமைதல் வேண்டும். முழுக்கிளையைத் தாளில் எழுதி, அதன் கீழே பிளந்த மலரையும் கனியையும் விதையையும் பெரிதாக்கிக் காட்டினர். எனினும் தாளின் பரப்பை அழகுற நிரப்பும் இந்நாட்டுக் கைப்பழக்கம் அவர்களை விட்டு நீங்கவில்லை. கண்டிப்பும் அழகும் ஒருங்கே கூடியமையே அப்படங்களின் சிறப்பு எனலாம்.

விடுப்பில் தாயகம் சென்ற வைட், கல்லச்சுக் கலையைப் பயின்று 1834இல் திரும்பினார். இலண்டனின் செப்புத்தகடுகளை எதிர்பாராமல் சென்னையிலேயே படங்களை அச்சிட இப்பயிற்சி வழிகோலியது. 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த 'ஐகோனஸ்' என்னும் அவரது பெருநூலில் 2101 படங்கள் உள்ளன. பெரும்பாலும் வண்ணமின்றிக் கோட்டுருவங்களாகவே அவை அமைந்தன. விலையைக் குறைத்து, நூல் பலர் கைக்கும் எட்டச் செய்வதே நோக்கம்.

இறுதித் தொகுதி வெளிவந்த 1853இல் வைட் ஓர் அரிய செயலைச் செய்தார். ஆர்க்கிட் குடும்பத்துச் செடியொன்றைத் தனிப் பேரினமாகக் கருதி, அதற்குக் 'கோவிந்தூயா' எனத் தம் ஓவியரின் பெயரைச் சூட்டினார். ஆளுநர்களுக்கும் அறிஞர்களுக்குமே உரித்தாயிருந்த அம்மதிப்பு, ஊதியத்திற்கு வரைந்த கலைஞர் ஒருவருக்குக் கிட்டியது. ஆயினும் அச்செடி, முன்னரே பெயரிடப்பட்டிருந்த டிராபிடியா என்னும் பேரினத்தைச் சேர்ந்ததெனப் பின்னர்த் தெளிவாயிற்று. முந்திய பெயரே செல்லும் என்பது தாவரவியல் விதி. ஆகவே கோவிந்துவின் பெயர் வழக்கொழிந்த பெயர்களின் பட்டியலிற் சேர்ந்தது.

அவ்வாண்டிலேயே வைட் தாயகம் திரும்பினார், 1872இல் மறைந்தார். ஓவியங்களும் கடல் கடந்தன. இவற்றுள் ஏறத்தாழ 700 படங்கள் எடின்பரோ அரசத் தாவரவியல் பூங்காவில் உள்ளன. அங்குப் பணியாற்றிய ஹென்றி நோல்டி என்பார் 2007இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ஆய்வு, வைட்டின் பெயரோடு ரங்கையா, கோவிந்து ஆகியோர் பெயர்களையும் தலைப்பிலேயே தாங்கி நிற்கிறது.

அறிவியல் விதி நீக்கிய பெயரை வரலாறு மீட்டுத் தந்துள்ளது. செடியின் பெயரைக் கேட்டறிவது போலவே, அதனை வரைந்தவர் யார் என்று கேட்பதும் அறிவின் ஒரு பகுதியே. இனி அந்நூல்களைப் புரட்டுவோர் படத்தின் கீழ் மூலையையும் ஒருகணம் நோக்குவார்களாயின், அதுவே அவ்விருவருக்கும் செலுத்தும் தக்க நன்றியாகும்.