முதுமைசார் பார்வையிழப்பு: குருத்தணு மாற்று ஆய்வுகள்

முதுமைசார் மாகுலா சிதைவு நோயில் விழித்திரையின் மையப்பகுதி நலிவடைந்து, படிக்கவும் முகங்களை அடையாளம் காணவும் தேவையான நேர்ப்பார்வை மங்குகிறது. ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்களிலிருந்து விழித்திரையின் நிறமிச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பொருத்தும் முறை தற்போது ஆராயப்பட்டு வருகிறது.

2014-இல் ஜப்பானின் கோபே நகரில், நோயாளியின் தோல் செல்களிலிருந்து உருவாக்கிய செல் படலம் அவரது ஒரு கண்ணில் பொருத்தப்பட்டது. பார்வை மேலும் குறையவில்லை, மேம்படவுமில்லை. 2018-இல் வெளியான லண்டன் ஆய்வில், கருக் குருத்தணுக்களிலிருந்து வளர்த்த செல்கள் பொருத்தப்பட்ட இருவரின் வாசிக்கும் திறன் மேம்பட்டது. எனினும் இது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், தனியார் சிகிச்சையகம் ஒன்றில் கட்டணம் செலுத்தி, தம் கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்த செல்களை இரு கண்களிலும் செலுத்திக்கொண்ட மூன்று மூதாட்டியர் கடும் பார்வையிழப்புக்கு உள்ளானது 2017-இல் மருத்துவ இதழில் பதிவானது.

எனவே, ஆய்வில் சேருமுன் கவனிக்க வேண்டியவை:

• ஆய்வுச் சிகிச்சைக்குக் கட்டணம் கேட்டால் சேர வேண்டாம்.
• இரு கண்களிலும் ஒருசேரச் செய்ய இசைய வேண்டாம்.
• நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டு எண்ணையும் கேட்டறியவும்.
• தற்போது பெறும் கண் ஊசிச் சிகிச்சையை நிறுத்த வேண்டாம்.

நேர்கோடுகள் வளைந்து தெரிந்தால் உடனே கண் மருத்துவரை அணுகவும்.