சாலைக் கடவையும் வெண்கோலும்: வாகனமோட்டிகள் அறிய வேண்டியவை

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் வெண்கோல் ஊன்றி நடப்போரைக் காணாத நாளில்லை. 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இங்குதான் உள்ளது. நடைபாதையில் பதித்த மஞ்சள் கற்களின் நீண்ட கோடுகள் ‘நட’ என்றும், புள்ளிகள் ‘நில், கவனி’ என்றும் பாதத்துக்குச் சொல்கின்றன. சாலை விளிம்போடு கற்கள் முடிந்துவிடும். அதன்பின் பொறுப்பு வாகனமோட்டியுடையது.

கடவைகள் ஒரே வகையல்ல. அதே 1951இல் பிரிட்டனில் சட்டப்படி அறிமுகமான வரிக்கோட்டுக் கடவையில் பாதசாரிக்கே முன்னுரிமை. பொத்தான் உள்ள சமிக்ஞை விளக்குக் கடவையில் பச்சை மனிதன் மின்னத் தொடங்கினால் புதிதாகச் சாலையில் இறங்கக்கூடாது. நடுவில் இருப்பவர் கடந்து முடிக்கலாம். நடைமேம்பாலம் பாதுகாப்பானதுதான், ஆனால் முட்டிவலிக்காரப் பாட்டியிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

உரிமம் பெற்றபின் எடுக்கும் உயர்நிலை ஓட்டுநர் பயிற்சியில் முதலில் மாறுவது பார்வைதான். 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரே நொடியில் சுமார் 14 மீட்டர் ஓடிவிடும். பிரேக்கை நினைப்பதற்குள் கடவை வந்துவிடும். ஆகவே தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, பின்கண்ணாடியைப் பார்க்கப் பழக வேண்டும். பக்கத்துத் தடத்தில் கார் நின்றால் முந்தக்கூடாது. அதன் மறைவில் ஒருவர் நடந்து வரலாம். இடுக்கில் நுழையும் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கு இது இன்னும் முக்கியம்.

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளி நெருங்கும்போது கடவையை யாரும் தேடுவதில்லை. அங்கு ஊர்ந்து செல்வதே வழி.

வெண்கோல் பிடித்தவருக்குக் கையசைத்து வழிவிடுவதில் பயனில்லை; ஹார்ன் அடித்தால் குழம்புவார். கடவைக்கு முன்பே முழுதாக நின்று, அவர் எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறும்வரை காத்திருக்க வேண்டும்.