பாக்கூ நகரில் மரபிசையும் ஜாஸும்

பழம் பண்ணோடு பிற நாட்டுப் புத்திசை கலந்தால் இரண்டுமே கெடும் என்பார் உளர். இக்கூற்று எங்கும் பொருந்துமா? காஸ்பியன் கடற்கரையிலுள்ள பாக்கூ நகரின் இசை வரலாறு இதற்கு விடை தருகிறது.

அஜர்பைஜான் மக்களின் மரபிசை ‘முஹாம்’ எனப்படும். பாடகர் கவிதையை இசைக்க, தார், கமாஞ்சா என்னும் நரம்புக் கருவிகளும் தஃப் என்னும் தோற்கருவியும் துணை நிற்கும். ஆசான் பாடக் கேட்டு மாணாக்கர் கற்பதே இதன் மரபு. நம் பண்களைப் போன்றே ஒவ்வொரு முஹாமுக்கும் சுர வரம்பு உண்டு; அவ்வரம்புக்குள் கலைஞர் தம் கற்பனையை விரிப்பார். 1908ஆம் ஆண்டிலேயே உசெயிர் ஹாஜிபெயோவ் என்பார் ‘லைலா மஜ்னூன்’ இசை நாடகத்தில் முஹாமை ஐரோப்பிய ஆப்பெராவுடன் இணைத்துக் காட்டினார்.

இந்நகரில் 1940இல் பிறந்தவர் வாகிஃப் முஸ்தபாசாதே. அவருடைய அன்னையார் பியானோ ஆசிரியை. வாகிஃபின் இளமையில் ஜாஸ் இசையை, முதலாளித்துவ நாடுகளின் சீரழிந்த இசையென்று சோவியத் ஆட்சியினர் பழித்தனர். 1953இல் ஸ்டாலின் மறைந்த பின்னரே கெடுபிடி மெல்லத் தளர்ந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் வளர்த்த அவ்விசையை வாகிஃப் ஆர்வத்துடன் பயின்று, தம் மரபிசையோடு இணைக்க முற்பட்டார்.

ஆயினும் இடர் ஒன்று இருந்தது. தார் இசைக்கும் நுண்சுரங்கள் சில பியானோவில் இல்லை. நெருங்கிய சுரங்களை விரைந்து அடுக்கும் கமகங்களால் அக்குறையை அவர் ஈடுசெய்தார். நாட்டுப் பாடலொன்றை ஜாஸ் தாளத்தில் ஏற்றுவது எளிது. அவரோ அவ்வளவில் நிற்கவில்லை. முஹாம், ஜாஸ் இரண்டிற்கும் உயிர்நாடி, மேடையிலேயே இசையைப் படைக்கும் மனோதர்மம் அன்றோ? அவ்வுறவையே அவர் தம் கலைக்கு அடிப்படையாகக் கொண்டார். மகள் அசீசாவின் பெயரால் அவர் அமைத்த இசை, மோனாகோவில் நடந்த பன்னாட்டுப் போட்டியில் முதற்பரிசு பெற்றது.

1979 டிசம்பரில், இசைப் பயணம் சென்ற தாஷ்கண்ட் நகரில், 39 வயதிலேயே அவர் மறைந்தார். எனினும் அவர் கண்ட வழி அடைபடவில்லை. அசீசாவும் பியானோ கலைஞராகி, 1991இல் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டு, தந்தையின் நெறியைத் தொடர்ந்தார்.

கலப்பினால் மரபு அழியும் என்னும் அச்சத்தை இவ்வரலாறு நீக்குகிறது. தம் இசையின் இலக்கணத்தைப் பழுதறக் கற்றவர், பிறர் இசையோடு உறவாடியும் தம்மை இழப்பதில்லை. கல்லாதவர் கையிலோ, கலப்பின்றியே மரபு தேயும்.