மவுசாக்கலை நீர்ப்பரப்பும் அதனடியில் உறங்கும் பழைய ஊரும்

பெயரிலேயே தண்ணீரைச் சுமந்து நிற்பது எமது ஊர். நல்லதண்ணி என்றதும் வெளியூரார் சிவனொளிபாதமலையை நினைப்பர். மார்கழி முழுமதி தொடங்கி வைகாசி வரை மலையேறும் அடியார் கூட்டத்தை நினைப்பர். மஸ்கெலியாவிலிருந்து பஸ்ஸில் வரும்போது ஒரு புறத்தே நெடுந்தூரம் கூடவே வருகின்ற அந்தப் பெரிய நீர்ப்பரப்பை, ஜன்னலால் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு மறந்துவிடுவர். அவர்களைக் குறை கூறுவானேன்? நாமே அவ்வாறுதான் இருந்தோம். மிசன் பாடசாலையில் கலிலேயாக் கடலின் கரையூர்களையெல்லாம் மனப்பாடம் செய்தோம். நுவரெலியாவிலுள்ள கிரகரி வாவியை 1873ஆம் ஆண்டில் தேசாதிபதி வில்லியம் கிரகரி அமைப்பித்தார் என்று பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெற்றோம். வீட்டு வாசலில் கிடந்த வாவியின் வரலாறு எமக்குத் தெரியாது.

சென்ற பங்குனி மாதத்து ஞாயிறொன்றில், சங்க நண்பர்கள் நால்வராக அதனைப் பார்த்து வரப் புறப்பட்டோம். மழையின்றி நீர் வெகுவாக வற்றியிருந்த காலம் அது. மவுசாக்கலை அணையருகே ஆழம் மிகுதி. அணையின் உயரமே ஏறக்குறைய 40 மீற்றர். ஆனால் மேற்புறத்தே, தேயிலை மலைகளுக்கிடையில் விரல்களைப் போல நீண்டு கிடக்கும் பகுதிகளோ அகலமானவை, ஆழங் குறைந்தவை. தை, மாசி, பங்குனியில் அவை வெறும் சேறாகிப் பின்னர் புற்றரையாகி, மாடுகள் மேயும் இடமாகிவிடும். கொக்குகளும் நீர்க்காகங்களும் எஞ்சிய குட்டைகளில் மீனுக்குக் காவலிருந்தன. இளைஞர் சிலர் திலாப்பியா பிடித்துக்கொண்டிருந்தார்கள். கரைச் சரிவுகளில் மண் படிப்படியாக அரிபட்டிருந்தது. பெருமழை தோறும் தேயிலை மலையின் மேல்மண் இங்குதான் வந்து சேர்கின்றது.

இந்நீரெல்லாம் சிவனொளிபாதமலைச் சாரலில் பிறந்த மஸ்கெலி ஓயாவின் நீர். அம்மலை 2,243 மீற்றர் உயரமுடையது. அதனைச் சூழ்ந்த காட்டிலேதான் களனி, களு, வளவை ஆகிய நதிகள் உற்பத்தியாகின்றன. 2010ஆம் ஆண்டில் அக்காடு உலக மரபுரிமையில் சேர்க்கப்பட்டது. சிவபெருமானின் திருவடி என்று நாமும், புத்தரின் திருவடி என்று பௌத்தரும், ஆதம் நபியின் அடி என்று இஸ்லாமியரும் போற்றும் சிகரம் அது. அரபு யாத்திரிகர் இபுனு பதூதா 1344இல் அதில் ஏறினார். மலையேறும் வழியிலுள்ள சீத கங்குல என்னும் ஓடையோடு சீதாபிராட்டியின் பெயரையும் மக்கள் இணைத்துப் பேசுவர். ஒரே நீருக்கு இத்தனை கதைகள்.

வடக்கே நோக்கினால் ஏழு கன்னியர் மலை தெரியும். தமிழகத்துக் கிராமங்களில் ஏரிக்கரை தோறும் கன்னிமார் எழுவருக்குக் கல் நட்டு வழிபடுவது வழக்கம். அவ்வழக்கத்தை நெஞ்சிலே சுமந்துகொண்டு கப்பலேறிய எமது மூதாதையருக்கு, தொடராய் நிற்கும் இச்சிகரங்கள் புதியனவாகத் தோன்றியிருக்கமாட்டா. அம்மலைக்கு ஒரு துயரக் கதையும் உண்டு. 1974 டிசம்பர் 4ஆந் தேதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த விமானமொன்று அதில் மோதி, 191 பேரும் மாண்டனர். மக்காவை நாடிச் சென்றவர்கள் எமது தேயிலை மலையில் அடக்கமானார்கள். இன்றும் எமது முதியோர் அவ்விரவைப் பற்றிக் குரலைத் தாழ்த்தியே பேசுகின்றனர்.

புற்றரையில் சற்றுத் தூரம் நடந்ததும் கால் தடக்கியது. பார்த்தால், கட்டடத்தின் அடித்தளம்! அப்பால் இடிந்த சுவர்கள், படிக்கட்டுகள். அங்கே விறகு பொறுக்கிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எம்மைக் கண்டு சிரித்தார்.

"என்ன தம்பிகளா, தொலைஞ்ச சாமான் தேடுறீங்களா?"

"இல்லை தாத்தா, இது என்ன இடம்?"

"பழைய மஸ்கெலியா டவுன். நீங்க நிக்கிறது ரோட்டு மேல."

1969ஆம் ஆண்டில் அணை பூர்த்தியானபோது பழைய மஸ்கெலியா நகரம் நீரினுள் அமிழ்ந்தது. மேட்டிலே இன்றைய நகரம் எழுந்தது. அப்போது தாத்தாவுக்கு வயது பத்து. எமது கோவில், பௌத்த விகாரை, பள்ளிவாசல் மூன்றும் ஒன்றுக்கொன்று அண்மையில் இருந்தன என்று கைத்தடியால் சுட்டிக் காட்டினார். கடும் வரட்சிக் காலங்களில் இவற்றின் எச்சங்கள் வெளிப்படும்போது, வெளியூரிலிருந்தும் மக்கள் வந்து பார்த்துச் செல்கின்றனர். "சம்பளத்தன்னைக்கு அப்பா இந்தக் கடைத்தெருவுக்குக் கூட்டியாருவாரு. தண்ணி ஏறி வந்தப்ப நாங்க மேட்டில நின்னு பார்த்தோம். ஆத்தா மட்டும் பார்க்கலை, லயத்துக்குள்ள போயிருச்சு" என்றார்.

நீர்மின்னுக்காகவே இது நிகழ்ந்தது. இம்மலை ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாமென நெடுங்காலம் வாதாடியவர் எஞ்சினியர் விமலசுரேந்திர. அவர் 1953இல் காலமானார். 1965இல் காசல்றீ அணைநீரால் இயங்கத் தொடங்கிய மின்நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. மவுசாக்கலையின் நீர் கனியன், புதிய லக்சபான, பொல்பிட்டிய என்று ஒவ்வொரு படியாக இறங்கிச் சக்கரங்களைச் சுழற்றிவிட்டே களனியாகிக் கொழும்புக்குச் செல்கின்றது. இத்தீவு முழுவதும் இதனாற் பயனடைந்தது; அதனை மறுப்பது நன்றியீனம். ஆயினும், அதே மலைகளில் பல தோட்ட லயங்களில் நெடுங்காலம் குப்பி விளக்கே எரிந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

இன்னுமொன்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர் எமது மக்கள். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னர் பார்ப்போமென ஒத்திவைத்தார்கள். சரியாக அந்த ஆண்டுகளிலேதான் இவ்விரு நீர்த்தேக்கங்களும் எழுந்தன. எந்த நாட்டுக்குரியவர் என்றே தீர்மானிக்கப்படாத மக்கள், தாம் நடந்த தெரு தண்ணீருள் போவதை நின்று பார்த்தார்கள். வாக்குரிமையற்ற அவர்கள் யாரிடம் போய் என்ன கேட்டிருக்க முடியும்?

திரும்பும் வழியில் காசல்றீப் பக்கமும் போனோம். அங்கே கரையோரத்துப் பழைய துரை பங்களாக்கள் சில 2005ஆம் ஆண்டு முதல் உல்லாச விடுதிகளாகியுள்ளன. புற்றரையில் நாற்காலி போட்டு, நீரைப் பார்த்தபடி வெள்ளைக்காரத் தம்பதியர் தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். பரிமாறிய இளைஞர் எம்மில் ஒருவனுடைய பெரியம்மா மகன்! "உள்ள வாங்கடா" என்று சொல்ல அவருக்கும் ஆசைதான், சொல்ல முடியவில்லை. வாசலில் நின்று சுகம் விசாரித்துவிட்டு வந்தோம். நல்ல வேலை, நல்ல மரியாதை என்று அவர் சொன்னது பொய்யன்று. எமது யாத்திரிகர் மடங்களில் பாய் விரித்துப் படுப்போருக்கும் அதே வாவிக் காற்றுத்தான் வீசுகிறது என்று நண்பனொருவன் வேடிக்கையாகச் சொன்னான்.

வைகாசி மழை பிடித்ததும் தாத்தா காட்டிய மேடு மீண்டும் மறைந்துவிட்டது. அன்று அவர் சொல்லச் சொல்ல, கடைத்தெரு, கோவில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவை இருந்த இடங்களை ஒரு கொப்பித் தாளில் வரைந்துகொண்டோம். அதனைப் பெரிதாக்கிச் சங்க மண்டபத்துச் சுவரில் ஒட்டியிருக்கின்றோம். பழைய நகரைக் கண்ட பெரியோர்கள் வந்து பார்த்து, பிழையான இடங்களில் பென்சிலால் குறித்துவிடுமாறு பணிவுடன் வேண்டுகின்றோம். பென்சில் அருகிலேயே நூலில் கட்டித் தொங்குகிறது.