பில்லசுர்கம் குகை அகழாய்வு

பில்லசுர்கம், ஆந்திர மாநிலத்தில் பழைய கர்நூல் மாவட்டத்தின் பேதம்செர்லாவுக்கு அருகே உள்ள சுண்ணாம்புக்கல் குகைத்தொகுதி. 1884-85ல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அவருடைய மகன் ஹென்றி புரூஸ் ஃபூட்டும் இங்கே அகழாய்வு செய்தனர். கர்நூல் அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. தென்னிந்தியாவில் குகைத்தரையை அடுக்கடுக்காகத் தோண்டி ஆதிமனிதனைத் தேடிய முன்னோடி முயற்சி இது. இதன் தொடக்கம் சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில் இருக்கிறது.

பல்லாவரம்

ஃபூட் 1834-ல் இங்கிலாந்தில் பிறந்தார். 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். 1862-ல் பீட்டர் பெர்சிவலின் மகள் எலிசபெத்தை மணந்தார். பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையுடன் விவிலியத்தைத் தமிழாக்கியவர், பின்னர் சென்னையில் தினவர்த்தமானி இதழை நடத்தியவர். தமிழறிஞர்கள் நடமாடிய வீட்டின் மருமகன் கற்களைத் தேடி அலைந்தார் என்பது சென்னை வரலாற்றில் அதிகம் பேசப்படாத தகவல்.

1863 மே 30 அன்று பல்லாவரம் ராணுவத் திடலில் சரளைக்கல் எடுப்பதற்காகத் தோண்டியிருந்த ஒரு குழியில் ஃபூட் மனிதர் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அந்தக் குழியிலிருந்து தொடங்குகிறது. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கம் பகுதியில் மேலும் கற்கருவிகளைக் கண்டார்.

இங்கிலாந்தின் பிரிக்ஸம் குகையில் 1858-ல் அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கற்கருவிகளும் கிடைத்திருந்தன. அதன்பின் ஐரோப்பிய அறிவுலகம் மனிதனின் தொன்மையை ஏற்கத் தொடங்கியிருந்தது. ஃபூட் அந்தச் செய்திகளை அறிந்தே குழிக்குள் பார்த்தார். ஆனால் பல்லாவரத்துக் கல் ஒரு கேள்வியை மிச்சம் வைத்தது. அதைச் செய்தவன் எந்த விலங்குகளோடு வாழ்ந்தான்? செம்மண் சரளையில் எலும்பு எளிதில் தங்காது. எலும்பு வேண்டுமென்றால் குகை வேண்டும்.

ஏன் கர்நூல்?

சென்னையில் குகைகள் இல்லாமல் இல்லை. சைதாப்பேட்டை சின்னமலையில் புனித தோமையார் ஒளிந்திருந்ததாக மரபு சொல்லும் குகை சிறிய பாறைப் பிளவு. பல்லாவரம் மலையிலுள்ளது பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை, பிற்காலத்தில் தர்காவாக ஆனது. இரண்டும் கடினமான பாறையில் அமைந்தவை. எலும்பைக் காப்பது சுண்ணாம்புக்கல். கூரையிலிருந்து சொட்டும் நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு தரையில் படிந்து கெட்டியான தளமாகிறது. அதற்குக் கீழே உள்ள மண்ணும் எலும்பும் மூடி முத்திரையிட்டது போல அப்படியே கிடக்கும்.

அத்தகைய குகைகள் கர்நூலில் இருப்பதை சென்னை ராணுவத்தைச் சேர்ந்த கேப்டன் நியூபோல்ட் 1844-ல் எழுதியிருந்தார். பில்லசுர்கத்தில் புதைபடிவ எலும்புகள் கிடைத்ததையும் குறிப்பிட்டிருந்தார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் யாரும் அங்கே முறையாகத் தோண்டவில்லை. உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி சென்னை ஆளுநர் கிராண்ட் டஃப்புக்கு எழுதி அந்தக் குகைகளை ஆராயும்படி தூண்டினார். (மெரினா கடற்கரைக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் இதே ஆளுநர்தான்.) பணி ஃபூட்டிடம் வந்தது.

அகழாய்வு

பில்லசுர்கம் ஒற்றைக் குகை அல்ல. பழங்காலத்தில் கூரை இடிந்து விழுந்ததால் உருவான ஆழமான பள்ளங்களும், இடியாமல் மிஞ்சிய இயற்கைப் பாலங்களும், பக்கவாட்டில் திறக்கும் குகைகளும் சேர்ந்த அமைப்பு. குகைகளுக்குக் கதீட்ரல், சாப்டர் ஹவுஸ், பர்கேட்டரி எனக் கிறித்தவத் தேவாலயம் சார்ந்த பெயர்கள் இடப்பட்டன. எலும்புகள் குவிந்து கிடந்த குகை சார்னல் ஹவுஸ், அதாவது பிணஎலும்பு வீடு.

ஃபூட் தொடங்கி வைத்தார். அவரைத் துறையின் வேறு பணிகள் அழைத்தன. ராணுவ அதிகாரியான ஹென்றி பொறுப்பேற்று, மாதக்கணக்கில் தங்கி அகழாய்வை நடத்தினார். அறிக்கைகள் தந்தையின் பெயரில் நிலவியல் துறையின் இதழில் வந்ததால் மகனின் உழைப்பு பின்னால் ஒதுங்கிவிட்டது. இருட்டிலும் புழுதியிலும் மண் சுமந்த உள்ளூர்க் கூலியாட்களின் பெயர்கள் பொதுவாகப் பேசப்படும் வரலாற்றில் இல்லை.

கிடைத்த விலங்கெலும்புகளை ரிச்சர்ட் லைடெக்கர் ஆராய்ந்து 1886-ல் வெளியிட்டார். அவற்றில் ஒரு காண்டாமிருக வகைக்குக் கர்நூலின் பெயரையே வைத்தார். சில எலும்புகள் மனிதர் செதுக்கிக் கருவிகளாக்கியவை என்று ஃபூட் கருதினார். பிரான்ஸின் மக்தலேனியக் கால எலும்புக்கருவிகளோடு அவற்றை ஒப்பிட்டார்.

ஐயமும் விடையும்

இந்தக் கருத்துதான் விவாதமானது. விலங்குகள் கடித்த எலும்பும் மனிதர் தீட்டிய எலும்பும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கக்கூடும். மீண்டும் எடுத்துப் பார்த்து முடிவு செய்ய வழியில்லை, ஏனெனில் ஃபூட் சொன்ன எலும்புக்கருவிகள் பின்னர் காணாமல் போயின. 1920களில் கர்நூல் குகைகளைத் தோண்டிய எல்.ஏ. காமியாட் அத்தகைய கருவிகளைக் காணவில்லை. ஃபூட் அவசரப்பட்டுவிட்டார் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

1970களில் தொல்லியலாளர் எம்.எல்.கே. மூர்த்தி அதே வட்டாரத்தில் முச்சட்ல சிந்தமானு கவி என்ற குகையை அகழ்ந்தார். மேலைப் பழைய கற்காலக் கற்கருவிகளோடு எலும்புக்கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன. அங்கிருந்த அடுப்பு ஒன்றின் காலத்தை வெப்ப ஒளிர்வு முறையில் கணித்து, ஏறத்தாழ 17,000 ஆண்டுகள் என்று கே.எஸ்.வி. நம்பியும் மூர்த்தியும் 1983-ல் வெளியிட்டனர். ஃபூட் கண்ட ஒவ்வொரு எலும்பும் கருவிதான் என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் அந்தக் குகைகளில் எலும்புக்கருவி செய்த மனிதர்கள் இருந்தார்கள் என்பது உறுதியாயிற்று.

பில்லசுர்கத்தை இந்த நூற்றாண்டில் பன்னாட்டுக் குழு ஒன்று மீண்டும் தோண்டியது. 2014-ல் வெளிவந்த அவர்களின் முடிவின்படி, அங்கே அடையாளம் காணப்பட்ட 21 பாலூட்டி வகைகளில் 20 வகைகள் இரண்டு லட்சம் ஆண்டுகளின் தட்பவெப்ப மாற்றங்களைக் கடந்து தொடர்ந்திருக்கின்றன. பெரும் விலங்குகள் அழிந்துபோன ஐரோப்பாவின் கதையை இங்கே அப்படியே பொருத்த முடியாது.

சென்னையில் எஞ்சியவை

ஃபூட் நாற்பதாண்டுகளில் சேர்த்த தொல்பொருட்களை 1904-ல் சென்னை அரசு எழும்பூர் அருங்காட்சியகத்துக்காக விலைக்கு வாங்கியது. அவற்றுக்கு அவரே தயாரித்த விளக்கப் பட்டியலை அருங்காட்சியகம் வெளியிட்டது. அது அச்சாகி முடியும் முன் 1912-ல் அவர் மறைந்தார். ஏற்காட்டில் அவருக்கு நினைவுச்சின்னம் உள்ளது.

சென்னைக்கு அருகே பூண்டியை ஒட்டிய குடியம் குகைகளை 1960களில் கே.டி. பானர்ஜி அகழ்ந்தார். கற்கருவிகள் கிடைத்தன, ஆனால் நீண்டகாலம் குடியிருந்ததற்கான தடயங்கள் மிகக் குறைவு. சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள அத்திரம்பாக்கத்தின் திறந்தவெளியில்தான் கருவிகள் குவியலாகக் கிடைக்கின்றன. சாந்தி பப்பு குழுவினர் 2011-ல் வெளியிட்ட கணிப்பின்படி அவற்றின் தொன்மை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள்.