ஆறில்லா நாடு என்று சொல்லாதீர்

சிவகாசி வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு மாணவர்களோடு உரையாடும் வாய்ப்பு ஒருமுறை நமக்குக் கிடைத்தது. "உங்களுக்குத் தெரிந்த ஐந்து ஆறுகளின் பெயரை எழுதுங்கள்" என்றோம். கங்கை, யமுனை, காவிரி, வைகை, தாமிரபரணி என்று தாள்கள் நிரம்பின. ஒரு சிறுமி நைல் நதியையும் சேர்த்திருந்தாள். ஆனால் ஒரு தாளில்கூட வைப்பாறு இல்லை. அர்ச்சுனா நதி இல்லை. "நீங்கள் பேருந்தில் வரும் வழியில் ஒரு பெரிய பாலம் இருக்கிறதே, அதன் கீழே என்ன இருக்கிறது?" என்று கேட்டோம். "முள்ளுக்காடு, சார்" என்றான் ஒரு சிறுவன். வகுப்பே சிரித்தது. நம்மால் சிரிக்க இயலவில்லை.

அச்சிறுவன் சொன்னது பொய்யன்று. ஆண்டின் பெரும்பகுதி மணலும் சீமைக் கருவேலமுமாகக் கிடப்பதை ஆறு என்று அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பள்ளிச் சுவர்களில் தொங்கும் படத்தாள்களையும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களையும் அச்சிட்டு நாடெங்கும் அனுப்பும் நகரம் சிவகாசி. பாரத நாட்டு ஆறுகளை நீல மையில் அச்சிடும் ஊரின் பிள்ளைகளுக்குத் தம் ஆற்றின் பெயர் தெரியவில்லை!

நிலத்தின் சரிவு

ஆறு என்றவுடன் கரைபுரண்டோடும் வெள்ளத்தையே நினைப்பது நம் வழக்கம். அந்த அளவுகோலால் அளந்தால் விருதுநகர்ச் சீமையில் ஆறே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் பிள்ளைகளுக்கு முதலில் காட்ட வேண்டியது வெள்ளத்தை அன்று, நிலத்தின் சரிவை. நம் வீட்டுக் கூரையில் விழும் மழைத்துளி எத்திசையில் சரிந்து எந்த ஆற்றைச் சேருமோ, அந்த ஆற்றின் வடிநிலத்தில்தான் நாம் குடியிருக்கிறோம். ஆற்றில் நீர் இல்லாத நாளிலும் வடிநிலம் இருக்கவே செய்கிறது.

தமிழகத்தின் ஆறுகளை 17 வடிநிலங்களாகப் பகுத்துள்ளனர். அவற்றுள் வைப்பாறும் குண்டாறும் விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதியைப் பங்கிட்டுக் கொள்கின்றன. கிழக்கே திருச்சுழிப் பக்கத்து மழைநீர் குண்டாற்றைச் சேர்கிறது. மேற்கும் தெற்கும் வைப்பாற்றுக்கு உரியவை. வைப்பாற்று வடிநிலத்தின் பரப்பு ஏறத்தாழ 5,400 சதுர கிலோமீட்டர். சிவகிரி, இராசபாளையம், திருவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஆகிய ஊர்களுக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடரிலிருந்து தேவியாறு, நாகரியாறு, காயல்குடியாறு எனச் சிற்றாறுகள் பல இறங்குகின்றன. அர்ச்சுனா நதி ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி அணைகளைக் கடந்து வருகிறது. வைப்பாறு வெம்பக்கோட்டையையும் சாத்தூரையும் தொட்டு வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடமே இருக்கன்குடி. 'இரு கங்கைக் குடி' என்பதே அவ்வாறு மருவிற்று என்பர் ஊரார். ஆறு இல்லை என்று நாம் சொல்லும் நாட்டில், இரண்டு ஆறுகளைப் பெயரிலேயே சுமந்து நிற்கிறது ஓர் ஊர்!

முன்னோர் வரைந்த படம்

ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். இந்தக் குறுகிய வரவை ஆண்டு முழுதும் செலவழிக்கக் கற்றவர்கள் நம் முன்னோர். மேட்டிலுள்ள கண்மாய் நிறைந்தால், அதன் உபரிநீர் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குச் செல்லும்; அது நிறைந்தால் அதற்கடுத்த கண்மாய்க்கு. இறுதியில் எஞ்சியது ஆற்றைச் சேரும். தாளும் எழுதுகோலுமின்றி மண்ணின் மேலேயே வரையப்பட்ட வடிநிலப் படம் அன்றோ அது!

ஆற்றின் வரலாறு அதனினும் தொன்மையானது. வெம்பக்கோட்டை அருகே விசயகரிசல்குளத்தில், வைப்பாற்றின் வடகரையில், 2022 முதல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. நுண்கற்கருவிகள் கிடைத்தன, கண்ணாடி மணிகளும் சங்கு வளையல்களும் கிடைத்தன. கடலுக்கு வெகு தொலைவிலுள்ள கரிசல் காட்டில் சங்கு ஏது? கடற்கரைக்கும் இந்த ஆற்றங்கரைக்கும் இடையே மக்கள் போக்குவரவு இருந்ததென்பதை அவ்வளையல்கள் சொல்லாமற் சொல்கின்றன.

அந்தக் கடற்கரையை நம் வாசகர்கள் அறிவர். மன்னார் வளைகுடாவில் இந்த ஆறு கலக்கும் இடத்தருகே ஆற்றின் பெயரையே தாங்கி நிற்கும் வைப்பாறு, முத்துக்குளித்துறையின் ஏழு கடற்றுறைகளுள் ஒன்று. 1542இல் புனித சவேரியார் வந்திறங்கிப் பணியாற்றிய கரை அது. சிவகாசியில் பெய்யும் மழை சென்றடைவது, நம் திருச்சபை வரலாற்றில் முதன்மையான இடம் பெற்ற அந்தக் கரையைத்தான்.

மறதியின் விலை

இத்தகைய நிலத்தை 'வறண்ட பூமி' என்ற ஒற்றைச் சொல்லால் நாம் மூடிவிட்டோம். வானம் பொய்த்த ஊர்கள் வணிகத்தால் எழுந்தன, அது பெருமைக்குரியதே. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்து, 1923இல் சிவகாசியில் அதனைத் தொடங்கினர். தீப்பெட்டியை அடுத்துப் பட்டாசும் அச்சும் வந்தன. மழை குறைந்த வானம் இத்தொழில்களுக்குத் துணையாயிற்று. ஆனால் அந்த வறட்சியின் விலையைப் பல்லாண்டுக் காலம் செலுத்தியவர்கள் குழந்தைகள். விடியுமுன் ஆலை வண்டி ஏறிய பிஞ்சுகளைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், "இந்தக் காட்டில் வேறென்ன பிழைப்பு?" என்ற விடையே கிடைத்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டமும், 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளும், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பும் அந்த நிலையைச் சிறிது சிறிதாக மாற்றின. தீக்குச்சி அடுக்கிய தாயின் பிள்ளை இன்று பள்ளியில் அமர்ந்திருக்கிறாள். அவளுக்கும் நாம் 'உன் ஊரில் ஒன்றுமில்லை' என்றே கற்பிப்போமா?

எங்கே தொடங்குவது?

ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் பேட்ரிக் கெடசு 1914இல் இந்தியா வந்தார்; 1919 முதல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராக விளங்கினார். மலையுச்சி முதல் கடல்வரை ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒரே படத்தில் வரைந்து, எந்தெந்த உயரத்தில் எந்தெந்தத் தொழிலாளர் வாழ்கின்றனர் என்று காட்டுவது அவர் கையாண்ட முறை. மேலே விறகு வெட்டி, இடையே ஆயனும் உழவனும், முடிவில் மீனவன்.

வைப்பாற்றுக்கு அப்படியொரு படத்தை நம் பிள்ளைகளே வரையலாம். மேலே இராசபாளையத்து அய்யனார் அருவி. அதன் கீழே மாந்தோப்பும் நெல்வயலும். பின் கரிசலில் பருத்தி. அடுத்து தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில். கடைசியில் உப்பளமும் மீன்பிடி வலையும். தன் தாயின் தொழிலும் அந்தப் படத்தில் இருப்பதைக் காணும் குழந்தை, ஆற்றைத் தன்னுடையது என்று உணர்வாள். அதன்பின் ஆசிரியரோடு ஊர்க் கண்மாய்க் கரையில் நடந்து கலுங்கைக் காணட்டும். அங்கிருந்து நீர் எவ்வூருக்குச் செல்கிறது என்று பாட்டியிடம் கேட்டு வரட்டும். ஐப்பசி அடைமழைக்குப் பின் பாலத்தின் மேல் நின்று பார்க்கட்டும். அன்று அது முள்ளுக்காடாக இராது.

இக்கல்வி வெறும் நிலநூல் பாடமன்று. விருதுநகரை ஒட்டிச் செல்லும் கௌசிகா நதியில் நகரின் கழிவுநீர் கலக்கிறது. கீழே குல்லூர்சந்தை நீர்த்தேக்கம் அதனை ஏற்கிறது. நாம் கொட்டுவது வேறொருவர் வாசலுக்குச் செல்கிறது என்பதைச் சட்டத்தைவிடத் தெளிவாக ஒரு வடிநிலப் படம் உணர்த்தும். மேல்மடைக்காரன் கடைமடைக்காரனை நினைக்க வேண்டும் என்பதே கண்மாய் நாட்டின் பழைய அறம்.

மீண்டும் அப்பள்ளிக்குச் செல்லும் நாள் வரும். அன்றும் அதே கேள்வியைக் கேட்போம். ஐந்து பெயர்களில் ஒன்றேனும் நம் மண்ணின் ஆறாக இருக்குமாயின் மகிழ்வோம். இல்லையெனில், பிழை பிள்ளைகளுடையது அன்று, நம்முடையதே.